பழைய படகுக்குப் புது வயரிங்: சாங்கி ஈரத்தில் தாங்கியதும் தாங்காததும்

என்னுடையது 1980களில் கட்டிய 28 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. சிங்கப்பூரின் சாங்கியில் மிதவையில் கட்டிக் கிடக்கிறது. கரைமின்சாரம் கிடையாது, இரண்டு பேட்டரி, ஒரு சோலார் பலகை, அவ்வளவுதான். வயரிங்கை அடியோடு மாற்றி வருடங்கள் ஓடிவிட்டன. வேலை முடிந்த வாரத்தில் கேட்டிருந்தால் வாங்கிய பொருளெல்லாம் பிரமாதம் என்றிருப்பேன். சில மழைக்காலங்கள் போனபிறகு கதை கொஞ்சம் வேறு.

முதலில் பழைய கோளாறு. கேபின் விளக்கு மங்கலாக எரியும், தண்ணீர் பம்ப் ஓடினால் இன்னும் மங்கும். ஆனால் விளக்கைக் கழற்றிவிட்டு அந்த முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் ஜம்மென்று காட்டும். துவாஸ் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, சும்மா இருக்கிற வயர்ல வோல்ட் பாத்து என்ன பிரயோசனம்? லோடு போட்டுப் பாருங்க" என்றார். வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்கு அது போதும்; பம்புக்குப் போதாது.

அவர் செய்தது இதுதான். விளக்கையும் பம்பையும் ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார், மறுமுனையை விளக்கின் நெகட்டிவில். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது 1.8 வோல்ட் காட்டியது. பிறகு அந்த மறுமுனையை ஒவ்வொரு ஜாயிண்டாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே வந்தார். சுவிட்ச் பலகைக்குப் பின்னால் இருந்த நெகட்டிவ் வயர்களெல்லாம் சேரும் ஒரு கட்டையைத் தாண்டியதும் அளவு சட்டென்று விழுந்தது. திருகு பளபளவென்றுதான் இருந்தது. வயர் முனையில் மாட்டிய உலோகக் காதை, அதாவது லக்கை, கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. வயரை ஒரு சாண் உரித்தும் செம்பு கருப்பாகவே வந்தது. வெள்ளீயம் பூசாத செம்பு இழைகளுக்கு நடுவே உப்பு ஈரம் தானாக ஏறிப்போகும்; முனையை வெட்டிப் புது லக் போடுவதெல்லாம் அதற்கு மருந்தில்லை. பழைய படகில் விளக்கையும் பம்பையும் குறை சொல்வதற்கு முன் நெகட்டிவ் பக்கத்தைப் பாருங்கள். அங்கேதான் யாரும் கை வைத்திருக்கமாட்டார்கள்.

சரி, புதிதாகப் போட்டதில் எது நின்றது? வெள்ளீயம் பூசிய பல இழை வயர்தான் முதலிடம். விலை கூடத்தான். ஆனால் இன்று எந்த முனையை உரித்தாலும் வெள்ளையாகவே வருகிறது. வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வேண்டவே வேண்டாம். படகின் அதிர்வில் ஒடிந்துபோகும். தடிமனிலும் கஞ்சத்தனம் கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பி 5 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் வழியிலேயே தொலையும், அதாவது 6 சதவீதம். அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி வழிகாட்டும் விளக்குகளுக்கு (இரவில் படகை மற்ற கப்பல்களுக்குக் காட்டுபவை) 3 சதவீதம்தான் அனுமதிக்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த அளவுக்குள் வந்துவிடும்.

அடுத்து, ஜாயிண்டை மூட, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், உள்ளே பசை உள்ளது. சூடு காட்டும்போது இரண்டு ஓரத்திலும் பசை கசிந்து வளையம் கட்டினால்தான் அது அடைபட்டதாகக் கணக்கு. பசையில்லாத சாதா குழாய் சிம் லிம் டவரில் மலிவாகக் கிடைக்கும், வீட்டு வேலைக்குச் சரி. படகில் அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிறது. பழைய உரிமையாளர் சில ஜாயிண்டுகளை வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானால் மூடியிருந்தார். அந்த வாசனையே அசிட்டிக் அமிலம். அது செம்பைத் தின்றிருந்தது.

வயர் முனையை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சோல்டரா, லக்கை அழுத்தி இறுக்கும் கிரிம்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஈயம் ஏறி விறைத்த இடம் முடிகிற எல்லையில்தான் இழைகள் ஒடிகின்றன, அதனால் எனக்குக் கிரிம்ப். முழுதாக அழுத்தும்வரை பிடியை விடாத நல்ல ராச்செட் கருவி வாங்குங்கள். சாதா குறடு வேண்டாம்.

ஏமாற்றியது எல்இடி. கரண்ட் மிச்சம், உண்மை. ஆனால் மலிவான எல்இடி வழிகாட்டும் விளக்கைப் போட்டதும், மற்ற கப்பல்களோடு பேசும் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சல். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. பெரிய கப்பல்கள் வரிசைகட்டிப் போகும் சிங்கப்பூர் நீரிணைக்குப் பக்கத்தில் ரேடியோ காது மங்கினால் விளையாட்டில்லை. சோதிப்பது சுலபம்: பேச்சில்லாத சேனலில் இரைச்சலைத் தடுக்கும் ஸ்குவெல்ச் குமிழை, இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் திருப்பிவையுங்கள். விளக்கைப் போட்டதும் இரைச்சல் மீண்டும் வந்தால் குற்றவாளி விளக்குதான். அந்த விளக்கைத் தூக்கிவிட்டு வேறு வாங்கினேன்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் ஜாயிண்ட் இன்னும் தலைவலிதான். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் தண்ணீருக்குள் கிடக்கிற ஜாயிண்ட் ஒருநாள் கசியும். பாசிட்டிவ் கசிந்தால் பக்கத்திலுள்ள வெண்கல வால்வை அரிக்கத் தொடங்கும். இப்போது பம்பின் வயரை மேலே இழுத்து, தண்ணீர் ஏறாத உயரத்தில் இணைத்திருக்கிறேன். பம்ப் மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி பியூஸோடு நேராக பேட்டரியிலிருந்து போகிறது. ஆளில்லாமல் மிதவையில் கிடக்கிற படகுக்கு இது கட்டாயம்.

பாய்மரக் கம்பத்துக்குள் போகிற வயர் மட்டும் இன்னும் பழையதே. கம்பத்தை இறக்காமல் அதை மாற்ற வழியில்லை, கிரேன் வாடகையோ தனிச் செலவு. படகு எப்படியும் அடிப்பகுதி பெயிண்டுக்காகக் கரையேற வேண்டும்; அப்போது சேர்த்துச் செய்வதாக உத்தேசம்.