சின்னத் தொட்டிக்கு ஸ்பாஞ்சா, மோட்டாரா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருப்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள மீன் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கப்பி மீன்கள்தான் குடியிருப்பு. மூன்று வகை ஃபில்டரையும் இதில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாயிற்று.

முதலில் வாங்கியது தண்ணீருக்குள் முக்கிவைக்கும் மோட்டார் ஃபில்டர். ஒரே நாளில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கப்பி குட்டி போட்ட அன்று அதன் வாய்ச் சல்லடையில் ஒட்டிக் கிடந்த குட்டிகளைப் பார்த்தபின் அதன் மேல் ஆசை போய்விட்டது. சித்திரை வெயிலில் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஓடும் மோட்டார் தன் சூட்டையும் சேர்த்துவிடும்.

அடுத்தது விளிம்பில் தொங்கவிடும் ஃபில்டர். பார்க்க அழகு, உள்ளே இருப்பதைக் கழுவுவதும் சுலபம். வெயிலில் தண்ணீர் வற்றி மட்டம் இறங்கினால் அருவிச் சத்தம் போடும். கரண்ட் போய் வந்தால், மட்டம் குறைந்திருக்கும் நாட்களில் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே உறுமும்.

சரி, ஸ்பாஞ்ச். ஏர் பம்ப்பிலிருந்து வரும் குமிழிகள் குழாய் வழியே மேலே ஏற, தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக இழுபடுகிறது. அவ்வளவுதான் பொறி. அழுக்கைப் பிடிப்பதைவிட, துளைகளில் குடியேறும் பாக்டீரியாதான் பெரிய வேலை செய்கிறது: மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும். புது ஸ்பாஞ்சில் அது நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். கரண்ட் போனாலும் ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணீரிலேயே இருப்பதால், மூடிய ஃபில்டர் பெட்டிக்குள் சாவதுபோல் பாக்டீரியா இதில் சீக்கிரம் மூச்சு முட்டிச் சாகாது. குட்டிகளுக்கும் பயமில்லை, அதன் மேலேயே மேய்கின்றன.

குறையும் உண்டு. நுண்ணிய தூசியைப் பிடிக்காது, தொட்டிக்குள் இடத்தை அடைக்கும். பம்ப் சத்தம் கேட்டு ஆச்சி, "ஏல, இது என்னல ராத்திரி பூரா கொறட்டை விடுது?" என்றாள். மடித்த பழைய துண்டின் மேல் பம்ப்பை வைத்ததும் பாதி அடங்கியது. ஒருமுறை அதைத் தரையில் வைத்திருந்தேன். கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் டியூப் வழியே திரும்பி வந்து பம்ப்பை நனைத்துவிட்டது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு போடுங்கள்.

என் பெரிய தப்பு வேறு. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளைவெளேரென்று பிழிந்து கழுவினேன். குளோரினில் பாக்டீரியா போயிற்று. மறுநாளே தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்க, கப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இப்போது தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் தொட்டித் தண்ணீரிலேயே வாளியில் மூன்று பிழி, அவ்வளவுதான். பழுப்பு நிறம் கொஞ்சம் இருக்கட்டும்.

தங்கமீன் வளர்ப்பவர் ஸ்பாஞ்சை மட்டும் நம்ப வேண்டாம். அது போடும் கழிவுக்கு மோட்டார் வேண்டும். ஆனால் அந்த மீனுக்கு இவ்வளவு சின்னத் தொட்டியே தப்பு, அது வேறு கதை.

என் தொட்டியில் இப்போது இரண்டு ஸ்பாஞ்ச் ஓடுகிறது. தாய்மீனின் வயிறு உப்பினால் ஒன்றை அப்படியே எடுத்துக் குட்டித் தொட்டியில் போட்டுவிடுவேன். அது ஏற்கெனவே பாக்டீரியா குடியேறிப் பழகிய ஸ்பாஞ்ச்.