டிரா.ஐஓ போர்டில் டேப்ளர் ஐகான்கள்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிபவை

ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை பார்க்கும் குழுவுக்கு, எந்த வேலை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று படமாக வரைந்து வைக்க வரைபடம் வரையும் மென்பொருளான டிரா.ஐஓவும், டேப்ளர் என்ற ஐகான் (சிறு படக்குறி) தொகுப்பும் தாராளமாகப் போதும். இரண்டும் இலவசம். டேப்ளர், யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் வருவதால் அலுவலகப் படங்களில் தயங்காமல் போடலாம். நவுன் புராஜெக்ட் என்ற ஐகான் தளத்தில் இலவசமாக எடுத்தால் வரைந்தவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஐகான்கள் நிறைந்த போர்டில் அது தனி வேலையாகிவிடும்.

டேப்ளரின் கோட்டு ஐகான்கள் 24-க்கு 24 பிக்சல் கட்டத்தில், 2 பிக்சல் கோட்டில் வரையப்பட்டவை. இந்த ஒழுங்குதான் அதன் பெரிய பலம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் பயன்படுத்துபவர்கள்தான். ஒன்றை 48 பிக்சலுக்கும் பக்கத்தில் இருப்பதை 96-க்கும் இழுத்தால், ஒன்றில் கோடு 4 பிக்சல், மற்றதில் 8. தடித்துத் தெரிவது முக்கியமானது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். எல்லாவற்றையும் 48-லேயே வையுங்கள். பெரிய போர்டை முழுதாகப் பார்க்க 25 சதவீதத்துக்குச் சுருக்கும்போது ஐகான் 12 பிக்சல், கோடு 1 பிக்சல் ஆகும். பூட்டு, கடிதம், கோப்பு அந்த அளவிலும் அடையாளம் தெரியும். கோப்புக்குள் பூதக்கண்ணாடி, நாட்காட்டிக்குள் கடிகாரம் என்று வரும் கூட்டு ஐகான்கள் வெறும் கறையாகிவிடும். தேர்ந்தெடுக்கும்போதே சுருக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அதிகம் படுத்துவது நிறம். டேப்ளரின் எஸ்விஜி கோப்பை (படத்தை எழுத்து வரிகளாக விவரிக்கும் கோப்பு) நோட்பேடில் திறந்தால், கோட்டின் நிறம் இருக்க வேண்டிய இடத்தில் 'கரன்ட்கலர்' (currentColor) என்ற சொல் இருக்கும். சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள் என்பது அதற்குப் பொருள். வலைப்பக்கத்துக்குள் அது அழகாக வேலை செய்யும். டிரா.ஐஓவில் படமாக இழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்ள நிறம் கிடைக்காமல் கறுப்பாக நின்றுவிடும். டார்க் மோடில் திறப்பவருக்கு ஐகான் இருக்கும் இடமே தெரியாது. இழுத்துப் போடும் முன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு #767676 என்ற நிறக் குறியீட்டைப் போடுங்கள். இந்தச் சாம்பல் நிறத்துக்கு வெள்ளைப் பின்னணியிலும் முழுக் கறுப்பிலும் 4.5-க்குக் குறையாத வேறுபாட்டு விகிதம் (பின்னணியிலிருந்து எவ்வளவு எடுத்துத் தெரிகிறது என்ற அளவு) உண்டு. எல்லோரும் பார்க்க வசதியாக வலைப்பக்கங்கள் இருக்க வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டுதல் படக்குறிகளுக்குக் கேட்பது 3 தான். சிவப்பு, பச்சை போட்டுப் பொருளைப் பிரிக்காதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர் குழுவில் இருந்தால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாற்றிய ஐகான்களை ஃபைல் மெனுவில் 'நியூ லைப்ரரி' திறந்து அதில் போட்டு, எல்லோரும் திறக்கக்கூடிய டிரைவில் சேமித்தால் குழு முழுக்க ஒரே தொகுப்பிலிருந்து எடுக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: லைப்ரரியில் இருந்து போர்டுக்கு வருவது நகல். லைப்ரரியில் ஐகானை மாற்றினால் ஏற்கெனவே போட்டவை மாறாது, கையால்தான் மாற்ற வேண்டும். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஐகானைக் காம்போனென்ட்டாக (மூலத்தை மாற்றினால் நகல்களும் மாறும் வகை) வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அடிக்கடி மாறும் படங்களுக்கு அதுவே மேல்.

லைப்ரரியில் ஐகான்களின் எண்ணிக்கை 15-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் ஆளாளுக்கு ஒரு ஐகான் போட ஆரம்பிப்பார்கள். பல்சக்கரம் ஒருவருக்கு 'அமைப்புகள்', இன்னொருவருக்கு 'வேலை நடக்கிறது'. அதனால் லேபிள் இல்லாமல் ஐகானைத் தனியே விடவே கூடாது. ஐகானைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் கீழே எழுதலாம். இரண்டே சொல் போதும். லேபிளைத் தனி எழுத்துப் பெட்டியாகப் பக்கத்தில் வைத்தால், ஐகானை நகர்த்தும்போது அது மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்.

வெளிநாட்டுக் குழுவோடு வேலை செய்தால் டிக் குறியில் கவனம் தேவை. நமக்கு அது 'சரி'. ஜப்பானிலும் சுவீடனிலும் விடைத்தாளில் தவறான விடைக்கு அதைப் போடுவது உண்டு. ஜப்பானில் சரிக்கு வட்டம். நம் ஊரிலேயே கூட 'பார்த்தாச்சு' என்று டிக் போடுபவரும் 'முடிச்சாச்சு' என்று போடுபவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். முடிந்த வேலைக்குக் கொடி ஐகான் போட்டு, கீழே முடிந்த தேதியை எழுதிவிட்டால் யாரும் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.