ஃப்ராஸ்ட்பங்க் ரிவ்யூ: காணாம போன நம்பிக்கை மீட்டர்

ஃப்ராஸ்ட்பங்க் கேம்ல கடைசி சட்டத்துல கையெழுத்து போட்டதும், ஊர் ஜனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்குன்னு காட்டுற நம்பிக்கை மீட்டர ஸ்க்ரீன்ல காணோம். முதல்ல கேம்ல ஏதோ பிழைன்னு தான் நினைச்சேன். அப்புறம் தான் புரிஞ்சுது, இனிமே இந்த ஊர்ல யாரும் நம்பிக்கையோட இருக்கத் தேவையில்ல, சொன்னதக் கேட்டா போதும்ங்கிற நிலைமைக்கு நானே கொண்டு வந்து விட்டுருக்கேன். கொஞ்ச நேரம் மவுஸ தொடவே மனசு வரல.

போலந்துல இருக்கிற 11 பிட் ஸ்டூடியோஸ் 2018ல விட்ட கேம் இது. 2024ல ரெண்டாவது பாகமும் வந்தாச்சு, ஆனா நான் இப்ப தான் முதல் பாகமே முடிச்சேன். கதை 1886ல நடக்குது, உலகமே உறைஞ்சு போய் லண்டன்ல இருந்து தப்பிச்சு வந்த 80 பேரு, நடுவுல நிலக்கரியில ஓடுற பெரிய ஜெனரேட்டர், அதச் சுத்தி வட்டமா வீடுங்க, நீங்க தான் தலைவர். சட்டப் புத்தகம் ஒண்ணு இருக்கு, அதுல ஒரு சட்டம் போட்டா போட்டது தான், வாபஸ் கிடையாது.

அந்த 80 பேர்ல 15 பேரு குழந்தைங்க. நிலக்கரி அள்ள ஆள் பத்தல, ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும் குழந்தைங்கள அனுப்பலாம்னு ஒரு சட்டம், சரி ஆபத்தில்லாதது தானேன்னு போட்டுட்டேன். அப்புறம் குளிர் இன்னும் இறங்குச்சு, எல்லா வேலைக்கும் அனுப்பலாம்னு அடுத்த சட்டம், அதையும் போட்டேன். சாப்பாடு பத்தலனா சூப்பா ஊத்துறதா, மரத்தூள் கலக்குறதா? செத்தவங்கள புதைக்கிறதா, பனிக்குழியில போட்டு வைக்கிறதா? ஒவ்வொண்ணும் போடும்போது நியாயமா தான் தெரிஞ்சுது. வின்டர்ஹோம்ங்கிற இன்னொரு ஊரு அழிஞ்ச சேதி வந்து ஜனங்க உடைஞ்சு போனாங்க, லண்டனுக்கே திரும்பலாம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு, அதுங்கள அடக்க காவல் நிலையம், ரோந்து, சிறைன்னு போய் கடைசியில அந்த மீட்டர் காணாம போனதுல வந்து நின்னுச்சு. நல்லது கெட்டதுன்னு ரெண்டு பட்டன் குடுத்து ஒண்ண அமுக்கச் சொல்ற கேம் எதுவும் என்ன இப்படி உலுக்கினதில்ல.

குறை இல்லாம இல்ல. கடைசி புயல தாண்டினதும் ஊர் வளர்ந்த கதைய வேகமா ஓட்டிக் காட்டுவாங்க, பியோத்ர் முசியாலோட இசை அங்க நெஞ்சப் பிடிச்சு இழுக்கும். அப்ப போய் இதெல்லாம் தேவையாங்கிற மாதிரி எழுத்துல கேக்குறாங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. அந்தக் கேள்விய நானே எனக்குள்ள கேட்டு முடிச்சாச்சு, அத அப்படியே விட்டிருக்கணும். இன்னொண்ணு, ரெண்டாவது வாட்டி ஆடும்போது குளிர் எப்ப இறங்கும்னு முன்னாடியே தெரிஞ்சுடுது, மனுஷங்க வெறும் கணக்கா தெரிய ஆரம்பிச்சுடுறாங்க, இது பெரிய இழப்பு தான்.

இருந்தாலும் கண்டிப்பா வாங்கி ஆடுங்க, ஈஸி மோட் வேணாம். நான் மறுபடி ஆரம்பிச்சுட்டேன், இந்த வாட்டி முதல் சட்டமே குழந்தைங்க காப்பகம். நிலக்கரி ரொம்ப இழுபறியா தான் போகுது, ஆனா குழந்தைங்க இப்ப மருத்துவக் கூடாரத்துல கூடமாட உதவி பண்ணிட்டு இருக்காங்க.