சிப்பிப்பாறைக் குட்டிக்கு பெல்ட், கயிறு, விசில்: எது உருப்படி, எது தண்டம்

‘வேட்டை நாய் பயிற்சி செட்’ என்று ஆன்லைனில் மூன்று சாமானைச் சேர்த்து விற்கிறார்கள்: இழுத்தால் இறுகும் கழுத்து பெல்ட், 10 மீட்டர் நாடாக் கயிறு, விசில். நாலு மாதத்திலிருந்து பத்து மாதம் வரையுள்ள சிப்பிப்பாறை, கன்னி என்ற நம்ம நாட்டு வேட்டை நாய்க் குட்டிகளுக்கு இதில் பெல்ட் மட்டும்தான் காசுக்குத் தகுதி. கயிற்றைச் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் குட்டிகள் லேசில் குரைக்காது. வீட்டில் நிம்மதி, ரோட்டில் தலைவலி. மற்ற நாய் பூனையைக் கண்டால் தெருவையே கூட்டும், நாமும் சுதாரித்துக்கொள்வோம். இது சத்தமே இல்லாமல் கிளம்பும். கழுத்து உயரும், காது தூக்கும், வால் ஆட்டம் நிற்கும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். கூப்பிடுவதானால் அந்த ஒரு நொடிக்குள். காலை எடுத்துவிட்டால் பேரைச் சொல்லி என்ன கத்தினாலும் ஏறாது.

பெல்ட்டுக்கு வருவோம். இந்த இனங்களுக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதா பெல்ட் போட்டால், பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்து உருவிக்கொண்டு போய்விடும். செட்டில் வருவது இரட்டை வளையம். இழுத்தால் கொஞ்சம் இறுகும், விட்டால் தளரும். காதுக்குப் பின்னாலேயே அளவெடுங்கள். முழுக்க இறுகிய நிலையிலும் இரண்டு உலோக வளையங்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது, நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொட்டால் பெல்ட் பெரிசு, இன்னும் உருவும். அகலம் 4 செ.மீ.க்குக் குறையவேண்டாம், தோல் மெல்லிசு, குறுகிய பெல்ட் அறுக்கும். பெரியமேட்டில் தோலில் தைத்து வாங்கினால் இன்னும் உழைக்கும், ஆனால் மழையில் நனைந்தால் எண்ணெய் போடவேண்டும்.

கயிறுதான் செட்டின் பலவீனம். தட்டை நாடா, குட்டி பாயும்போது விரலை அறுக்கும். கொக்கி அருகே இரண்டே வரி தையல், அதுதான் முதலில் விடும். கொக்கி முலாம் பூசிய இரும்பு. ராயபுரம், திருவொற்றியூர் உப்புக் காற்றில் துரு ஏறி, ஸ்பிரிங் பாதியில் நின்று, பூட்டியது போலவே தெரியும். காசிமேட்டு வலைச் சாமான் கடையில் எடை போட்டுத் தரும் 8 அல்லது 10 மி.மீ. பின்னல் நைலானைக் கேளுங்கள். முறுக்குக் கயிறு சுருண்டு காலில் சிக்கும். பச்சை, நீலத்தில் வரும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பிசிறடித்துக் கையில் குத்தும். நைலான் கொஞ்சம் நீளும், அதனால் வெடுக்கென்று இழுபடுவது குறையும். நுனியைத் தீயில் உருக்கிவிட்டு, பித்தளைச் சுழல் கொக்கி மாட்டுங்கள்.

நீளக் கயிற்றைக் கழுத்து பெல்ட்டில் மாட்டவே கூடாது. ஓடிவந்த வேகத்தில் கயிறு தீர்ந்தால் அத்தனை அடியும் கழுத்து எலும்பில் இறங்கும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் பாடி பெல்ட்டின் முதுகு வளையம்தான் அதற்கு இடம். முதல் மாதம் 5 மீட்டருக்கு மேல் விடவேண்டாம். நீளம் கூடக்கூட வேகம் கூடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், கையுறை போடுங்கள். பட்டன் அமுக்கும் சுருள் கயிறு? ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

விசில் மோசமில்லை, உள்ளே குண்டு இல்லாத வகை, எச்சிலில் அடைக்காது. சிக்கல் வேறு: நம்ம ஊரில் மாநகரப் பேருந்து கண்டக்டர் நாள் முழுக்க ஊதுகிறார். ஒற்றை, இரட்டை விசிலுக்குக் குட்டி சீக்கிரமே மரத்துப்போகும். மூன்று குட்டை ஊதல் வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கும் முறை: முதல் வாரம் வீட்டுக்குள், ஊதிய உடனே வேகவைத்த கோழி ஈரல், பட்டாணி அளவு. வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. ஈரல் அதிகமானால் வயிறு இளகும், சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்பது முறை திரும்பி வந்தால் மொட்டைமாடிக்கு, கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் மட்டும். அடுத்து சுற்றுச்சுவர் உள்ள மைதானம், கயிற்றோடு. காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், தார் ரோட்டில் பாதம் வெந்துபோகும். மீன் ஏலம் நடக்கும் பக்கம் பூனைகள் அதிகம், ஆரம்பத்தில் அங்கே போகாதீர்கள். வந்த குட்டியைத் தாமதத்துக்காகத் திட்டினால் அடுத்த தடவை வராது. முயல் வேட்டைக்குப் பழக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். ஓட்ட ஆசைக்குக் கயிற்று நுனியில் துணி கட்டி இழுங்கள், அதுவும் வளைவு குறைவாக. ஒரு வயதுக்கு முன் மூட்டு தாங்காது.

செட்டில் இல்லாத ஒன்று, பூஜைச் சாமான் கடையில் கிடைக்கும் சின்ன சலங்கை மணி. நிறுத்தியிருக்கும் லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் இந்தக் குட்டி வாய் திறக்காது, மணிதான் காட்டிக்கொடுக்கும்.