கியூப் மேப் சாம்பிளிங்: டெக்ஸ்ச்சரா, டெக்ஸ்ச்சர்லாடா, டெக்ஸ்ச்சர்கிராடா?

கியூப் மேப்னா சுத்துப்புறத்த ஆறு முகமா வச்சிருக்கற டெக்ஸ்ச்சர், ஒரு திசைய குடுத்தா அந்தப் பக்கத்து கலர தரும். அத படிக்க டெக்ஸ்ச்சர்கியூப்னு எழுதின பழைய கோடு இன்னும் நெட்ல சுத்திட்டு இருக்கு, ஓபன்ஜிஎல்லோட ஷேடர் மொழியான ஜிஎல்எஸ்எல் 1.30லயே அத டெப்ரிகேட் பண்ணிட்டாங்க, இப்போ சாம்பிளர் டைப்ப வச்சே டெக்ஸ்ச்சர்ங்கற ஒரே ஃபங்ஷன் எல்லாத்துக்கும் ஓடும், அத விட்டுடுவோம். மிப் லெவல (அதே படத்தோட சின்னது சின்னதா போற காப்பிகள்ல எத எடுக்கறதுன்னு) யாரு முடிவு பண்றது, நாமளா ஜிபியூவா, அதான் இங்க மேட்டரு.

டெக்ஸ்ச்சர் போட்டா ஜிபியூ பாத்துக்கும். 2க்கு 2 பிக்ஸல் பிளாக்ல டைரக்‌ஷன் வெக்டர் எவ்ளோ மாறுதுன்னு பாத்து மிப்ப எடுக்கும். ஸ்கைபாக்ஸ், பளபளன்னு இருக்கற குரோம் இதுக்கெல்லாம் கண்ண மூடிட்டு இதயே போடலாம், வெக்டர நார்மலைஸ் கூட பண்ண வேணாம்.

சிக்கலே ரஃப்னஸ்லதான் (மேற்பரப்பு எவ்ளோ சொரசொரப்புங்கறது, கூடினா பிரதிபலிப்பு மங்கும்). முன்கூட்டியே ஃபில்டர் பண்ணி ஒவ்வொரு மிப்லயும் ஒவ்வொரு ரஃப்னஸ்ஸ வச்சிருக்கோம்ல, அதுக்கு டெக்ஸ்ச்சரோட மூணாவது ஆர்கியூமென்ட்டுல ரஃப்னஸ்ஸ குடுத்து நிறைய பேரு ஓட்டிடறாங்க. அது பயஸ், லெவல் இல்ல. ஜிபியூ கணக்கு போட்ட லெவலோட அது கூடும், அதனால அதே பந்து தூரமா போகப்போக மேட் ஃபினிஷ் ஆயிட்டே வரும், மெட்டீரியல்ல ஒண்ணும் மாறியிருக்காது. இந்த இடத்துல லெவல நாமளே நேரா குடுக்கற டெக்ஸ்ச்சர்லாட் தான், வேற பேச்சே இல்ல. வெர்டெக்ஸ், கம்ப்யூட் ஷேடர்லயும் இது ஓடும்.

ஆனா அதுக்கும் ஒரு வினை இருக்கு: ரஃப்னஸ் கம்மியான, நார்மல் மேப் போட்ட பொருள் தூரத்துல போனா மினுமினுன்னு அடிக்கும், ஏன்னா லெவல நாமளே பூட்டி வச்சிட்டோம். டெஸ்க்டாப் ஓபன்ஜிஎல் 4.0ல இருந்து டெக்ஸ்ச்சர்கொயரிலாட் இருக்கு, ஜிபியூ தானா எந்த லெவல எடுத்திருக்கும்னு சொல்லும், அது சொல்ற லெவல், ரஃப்னஸ் லெவல் ரெண்டுல எது பெருசோ அத எடுங்க, அடங்கிடும். வெப்ஜிஎல் 2ல அது கிடையாது, டெரிவேட்டிவ்ல (பக்கத்து பிக்ஸலுக்கு வெக்டர் எவ்ளோ மாறுதுங்கறது) இருந்து கையாலதான் கணக்கு போடணும்.

டெக்ஸ்ச்சர்கிராட் எப்போன்னா, பிக்ஸலுக்கு பிக்ஸல் மாறற இஃப்-க்குள்ள சாம்பிள் பண்ணும்போது. அங்க சும்மா டெக்ஸ்ச்சர் போட்டா ஜிஎல்எஸ்எல் கம்முனு இருக்கும், ரிசல்ட் மட்டும் ஓரத்துல புள்ளி புள்ளியா கெட்டுப்போகும், வெப்ஜிபியூவோட ஷேடர் மொழியான டபிள்யூஜிஎஸ்எல் கம்பைல் பண்றப்பவே எரர் அடிச்சிடும் (எனக்கு இதான் பிடிச்சிருக்கு). டெரிவேட்டிவ்வ இஃப்-க்கு வெளியவே எடுத்து வச்சிட்டு உள்ள அத பாஸ் பண்ணுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் சின்ன மிப்கள்ல முகத்துக்கு முகம் கோடு தெரியுதுன்னா இந்த மூணு மேலயும் தப்பில்ல, டெஸ்க்டாப் ஓபன்ஜிஎல்லா இருந்தா சீம்லெஸ் ஃபிளாக்க (முகத்தோட ஓரத்த தாண்டியும் ஃபில்டர் பண்ண வைக்கறது) எனேபிள் பண்ணீங்களான்னு பாருங்க, ஓபன்ஜிஎல் ஈஎஸ் 3.0ல அது எப்பவுமே ஆன்.