வகுப்பறைக்கு எந்தத் தீவு: இலங்கையா, மார்ஷலா?

நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பக்கத்து ஆசிரியர்கள் தீவுப் பண்பாட்டை வகுப்புக்குக் கொண்டுவர நினைத்தால் எனக்குத் தோன்றுவது இரண்டு வழி.

ஒன்று, இலங்கை மலையகம், அதாவது அங்குள்ள தேயிலைத் தோட்ட மலைப்பகுதி. இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். மாசியில் மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்து, தோட்டத்துப் பாட்டு, மலையகச் சிறுகதை எல்லாம் தமிழிலேயே இருக்கின்றன. ஒரு பாட்டியைப் பேச அழைத்தால் ஒரு பீரியட் பத்தாது! ஆனால் பிரிந்துபோன குடும்பங்களின் கதையும் கூடவே வரும். "உங்க வீட்டுல யாரு சிலோன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள். முதலில் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்.

இரண்டாவது வழியான பசிபிக்கின் மார்ஷல் தீவுகளில் இந்தச் சங்கடம் இல்லை. அந்தத் தீவு மக்களின் குச்சி வரைபடத்தை, அதாவது குச்சிகளைக் கட்டிச் செய்த கடல் வரைபடத்தை, துடைப்ப ஈர்க்குச்சியிலும் சோழியிலும் செய்துவிடலாம். வளைந்த குச்சி அலையின் போக்கு, சோழி தீவு. அந்தக் காலத்து மாலுமிகள் அதைக் கரையிலேயே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் படகேறினார்கள். கைவேலைக்கு அருமை, இலக்கியம் என்று வந்தால் தமிழில் படிக்கக் கொடுப்பது கஷ்டம்.

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு மார்ஷல் போதும். அதற்கு மேல் மலையகம்தான், அதுவும் மாசி மாதத்தில்.