சிப்பிக் காளானுக்குத் தவிடு அவசியமா? பல பருவப் பயன்பாட்டுக்குப் பிறகு

விளைச்சல் குறைந்ததும் பலரின் கை தவிட்டு மூட்டைக்குத்தான் போகிறது. வெறும் வைக்கோல், தவிடு கலந்த வைக்கோல் என இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் தெரிந்தது, தவிடு போன்ற ஊட்டத்தைக் கடைசியாகக் கவனித்தால் போதும். முதலில் ஈரம், அடுத்து காற்று.

வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, 70 - 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கலாம். பிறகு வடியவிட்டு ஆறவைப்பதில்தான் பெரும்பாலான படுக்கைகள் (வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த பைகள்) கெடுகின்றன. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் ஏறத்தாழ 65% ஈரம். சொட்டச் சொட்டக் கட்டிய பையின் அடியில் நீர் தேங்கி, காற்றில்லாமல் பாக்டீரியா பெருகி, நான்கைந்து நாளில் புளித்த வாடை வீசும்.

கோதுமைத் தவிடு உலர் எடையில் 5% சேர்த்தால் நைட்ரஜன் கூடி, முதல் அறுப்பு நன்றாகவே வரும். ஆனால் அதே தவிடு பச்சைப் பூஞ்சைக்கும் விருந்து. வெந்நீரில் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் அதில்தான் கிளம்பும். எனவே தவிடு கலந்தால் 121 டிகிரி அழுத்த நீராவியே பாதுகாப்பானது. அந்த வசதி இல்லையென்றால் தவிட்டை மறந்துவிடுங்கள். இன்னொன்று, ஊட்டம் ஏற ஏறப் பையின் நடுவே சூடும் ஏறும். வெளியே 28 டிகிரி இருக்கும்போதே உள்ளே காளான் இழை (வைக்கோலில் படரும் வெள்ளை நூல்) வாடலாம். சர்க்கரைக் கரைசல், யூரியா எல்லாம் வீண் வேலை.

மிச்சமாகும் காசைப் புது வித்தில் (தானியத்தில் வளர்த்த காளான் இழை) போடலாம்: வைக்கோலின் ஈர எடையில் 3 - 5%. 25 டிகிரி வாக்கில் 15 - 20 நாளில் இழை பரவிப் பை முழுக்க வெளுத்துவிடும்.

மொட்டு விடும் அறையில் 85 - 90% ஈரப்பதமும் செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சமும் போதும். காம்பு நீண்டு குடை சிறுத்தால் அது ஊட்டக் குறைவு அல்ல, கரியமில வாயு தேங்கியிருக்கிறது, சன்னலைத் திறங்கள். மொட்டு காய்ந்து சுருங்கினால் ஈரப்பதம் போதவில்லை. மஞ்சளாகிக் கொழகொழத்தால் நேராக மொட்டின் மேல் தண்ணீர் அடித்திருக்கிறீர்கள். தரையையும் சுவரையும் நனைத்தால் போதும்.

குடை விளிம்பு மேல்நோக்கி மடங்கும் முன்பே பறித்துவிட வேண்டும். தாமதித்தால் குடையிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துத்தூள் அறை முழுக்கப் பறந்து இருமல் வரவைக்கும். முகக்கவசம் இல்லாமல் நுழையாதீர்கள். மூன்றாவது அறுப்புக்குப் பின் பையை அன்றே அகற்றுங்கள். ஈயும் பச்சைப் பூஞ்சையும் அதிலிருந்துதான் புதுப் படுக்கைக்குத் தாவுகின்றன.